உயரம் தெரிய ஒரு வெட்டவெளி

சிகாகோ நகரத்தின் நடுப்பகுதிக்கு ‘லூப்’ என்று பெயர். 1897-இல் முழுச் சுற்றாக முடிந்த மேம்பால ரயில் பாதை இந்தப் பகுதியை வளைத்துக்கொண்டு போகிறது. இரும்புத் தூண்களின் மேல், அலுவலக ஜன்னல்களை உரசுவதுபோல் ரயில் வரும்போது, கீழே தெருவில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அது கடந்த பிறகு விட்ட வார்த்தையிலிருந்து தொடர்கிறார்கள். செப்டம்பர் மாதக் கடைசி. வெயில் சுடவில்லை, ஏரிக்காற்று மட்டும் சட்டைக்குள் புகுந்து பார்த்தது. தண்டவாளங்களின் கோடு கோடான நிழலைத் தாண்டி லசால் தெருவுக்குள் நுழைந்து கேமராவை வெளியே எடுத்தேன்.

லசால் தெருவைப் பள்ளத்தாக்கு என்றே இங்கே சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் கட்டிய சுவர்கள். கேமராவைச் சற்று மேல்நோக்கித் தூக்கினால் போதும், அத்தனை சுவர்களும் உள்பக்கமாகச் சாய்ந்து, உச்சியில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளப் போவதுபோல் ஆகிவிடுகின்றன. நம் கண்ணுக்கும் இதே சாய்வுதான் வந்து சேருகிறது. கட்டடம் நேராகத்தான் நிற்கும் என்று தெரிந்த மூளை அதை நிமிர்த்திவிடுகிறது. லென்ஸுக்கு அந்த அறிவு கிடையாது.

இதற்கு வைத்தியம் மூன்று. கேமராவைத் துளியும் சாய்க்காமல் தரைக்கு இணையாகப் பிடிக்கலாம். அப்போது பாதிப் படம் தார்ச்சாலையாகப் போய்விடும், கட்டடத்தின் தலையும் வெட்டுப்படும். லென்ஸை மட்டும் மேலே நகர்த்தித் தரும் ஷிஃப்ட் லென்ஸை வாங்கலாம். அதன் விலைக்கு இன்னொரு பயணமே போய்வரலாம். அல்லது எதிர்க் கட்டடத்தின் பாதி உயரத்துக்கு ஏறலாம், இல்லையேல் தள்ளிப் போய் நிற்கலாம். எந்த வைத்தியத்தைப் பிடித்தாலும் அடிப்படைத் தேவை ஒன்றுதான்: கட்டடத்துக்கு எதிரே கொஞ்சமாவது காலி இடம் இருக்க வேண்டும். சதுர அடிக்கு விலை பேசும் ஊரில் அந்தக் காலி இடம் எப்படி மிஞ்சியது என்ற கேள்வியோடுதான் நான் சிகாகோவைச் சுற்றிப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

லசால் தெருவின் தென்கோடியை அடைத்துக்கொண்டு நிற்பது போர்டு ஆஃப் டிரேட் கட்டடம். அமெரிக்க நடுப்பகுதியின் கோதுமைக்கும் சோளத்துக்கும் விலை பேசப்பட்ட இடம். 1930-இல் 605 அடி உயரத்துக்கு எழுந்தது. அடுத்த 35 ஆண்டுகள் ஊரிலேயே உயரமானதாக இருந்தது. உச்சிக் கூம்பின் மேல் ரோமானியத் தானிய தேவதை சீரிஸின் அலுமினியச் சிலை நிற்கிறது, ஏறத்தாழ 31 அடி. நீண்ட லென்ஸைப் போட்டு இழுத்துப் பார்த்தால் ஒரு திடுக்கிடல்: தேவதைக்கு முகமே இல்லை. கண், மூக்கு, வாய் எதுவும் இல்லாத வழவழப்பு. இவ்வளவு உயரத்தில் முகத்தை யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று சிற்பி ஜான் ஸ்டோர்ஸ் விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். இன்று சுற்றிலும் அதைவிட உயரமான மாடிகள். மதியச் சாப்பாட்டை மென்றபடியே எத்தனையோ குமாஸ்தாக்கள் தேவதையின் வெற்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஊர் மேல்நோக்கி வளர்ந்ததற்குப் பின்னால் ஒரு தீ இருக்கிறது. 1871 அக்டோபரில் மூன்று நாள் எரிந்த நெருப்பில் சுமார் 300 பேர் இறந்தார்கள். ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். நகரத்தின் நடுப்பகுதி கரியாகிப் போனது. மரத்தால் கட்டியதெல்லாம் போன பிறகு, எரியாததைக் கொண்டு, அதுவும் விரைவாகக் கட்ட வேண்டியிருந்தது. ஒரு பக்கம் ஏரி, இரண்டு பக்கம் ஆறு, தெற்கே ரயில் நிலையங்கள் என்று இடமோ நெருக்கடி. நில விலை ஏறியது. லிஃப்ட் வந்துவிட்டது, உருக்கு உத்தரங்களும் வந்துகொண்டிருந்தன. போக ஒரே வழி மேலேதான்.

ஜாக்சன் தெருவில் இருக்கும் மோனாட்நாக் கட்டடம் இந்தக் கதையின் நடுப்பக்கத்தைத் திறந்து காட்டுகிறது. வடக்குப் பாதி 1891-இல் முடிந்தது. 16 மாடிகளின் எடையையும் செங்கல் சுவரே தாங்குகிறது. அதற்காக அடித்தளத்தில் சுவரின் கனம் ஆறு அடி. தெற்குப் பாதி இரண்டே ஆண்டு கழித்து, 1893-இல், உருக்குச் சட்டகத்தில் கட்டப்பட்டது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒட்டிப் பிறந்த சகோதரர்கள். ஜன்னல் ஓரத்தில் சுவரின் கனத்தைக் கவனித்தால்தான் ஒருவர் சுமக்கிறார், இன்னொருவர் சுமப்பதுபோல் நிற்கிறார் என்பது தெரியும். இங்கே நான் முழுக் கட்டடத்தை எடுக்க முயலவில்லை. பக்கவாட்டு வெளிச்சம் விழும் காலை நேரத்தில், அடியில் யானைக்காலைப்போல் விரிந்து வளையும் அந்தக் கரும்பழுப்புச் செங்கல்லை மட்டும் எடுத்தேன். உயரத்தைக் காட்ட உச்சி தேவையில்லை; சுமையைக் காட்டினாலும் போதும்.

உலகின் முதல் வானளாவி என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடமும் பக்கத்தில்தான் இருந்தது. வில்லியம் லெ பாரன் ஜென்னி 1885-இல் கட்டினார். பத்து மாடி, பிறகு இரண்டு கூட்டினார்கள். 1931-இல் இடித்துவிட்டார்கள், அதைவிட உயரமாக ஒன்றைக் கட்டுவதற்காக. லசாலும் ஆடம்ஸும் சந்திக்கும் முனையில் நின்று நான் எடுத்த படத்தில் இருப்பது அந்த இரண்டாவது கட்டடம். முதலாவதைப் பழைய புகைப்படங்களில்தான் பார்க்க வேண்டும்.

ஒரு அலுவலகக் கோபுரத்தின் முன் முற்றத்தில் முக்காலியை விரித்தபோது காவலர் வந்தார். வயதானவர், குரலில் அதிகாரத்தைவிட அலுப்பு அதிகம். “சார், இங்கே முக்காலி கூடாது. அதோ, கல்லோட நிறம் மாறுது பாருங்க. அந்தப் பக்கம் நகராட்சி நடைபாதை. அங்கே நின்னு ராத்திரி வரைக்கும் எடுங்க, நான் வாயே திறக்க மாட்டேன்.” கருங்கல் பதித்த தரையில், சாம்பல் நிறம் வெளுப்பாகும் ஒரு கோடு. அதைத் தாண்டி இரண்டு அடி பின்னால் போய் நின்றேன். அவர் சொன்னது சட்டத்துக்குச் சரியானதுதான். 1990-இல் வந்த அமெரிக்கச் சட்டம் கட்டட வடிவமைப்புக்குக் காப்புரிமை கொடுத்தது. ஆனால், பொது இடத்திலிருந்து தெரியும் கட்டடத்தை யாரும் படமெடுக்கலாம், விற்கவும் செய்யலாம் என்று விலக்கும் வைத்தது. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. பாரிஸில் ஈஃபிள் கோபுரத்தைப் பகலில் எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம். இரவு விளக்கலங்காரம் தனிப் படைப்பு. அந்தப் படத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி கேட்க வேண்டும்.

அங்கிருந்து சியர்ஸ் கோபுரம் நடை தூரம். 2009-இல் வில்லிஸ் என்று பெயர் மாற்றினார்கள். ஊர்க்காரர்கள் நாக்கு மாறவில்லை. 1973-இல் எழுந்த 110 மாடி, 1,450 அடி. கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்கள் 1998-இல் முந்தும்வரை உலகிலேயே உயரமானது. இதன் எலும்புக்கூட்டை யோசித்தவர் டாக்காவில் 1929-இல் பிறந்த பொறியாளர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான். உள்ளே தூண்களை நெருக்கி நிறுத்துவதற்குப் பதிலாக, கட்டடத்தின் வெளிச்சுவரையே காற்றைத் தாங்கும் குழாயாக ஆக்கலாம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. இங்கே அப்படிப்பட்ட ஒன்பது சதுரக் குழாய்கள் கட்டாகச் சேர்ந்து நிற்கின்றன. இரண்டு 50-ஆம் மாடியில் நின்றுவிடுகின்றன, இரண்டு 66-இல், மூன்று 90-இல். மிச்சம் இரண்டுதான் உச்சிக்குப் போகின்றன. அதனால் இந்தக் கட்டடத்துக்கு முகம், முதுகு என்று கிடையாது. கிழக்கிலிருந்து எடுத்த படத்தையும் தெற்கிலிருந்து எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால், வெவ்வேறு கட்டடங்கள் என்று சத்தியம் செய்வார்கள். ஜாக்சன், ஃபிராங்க்ளின் தெருக்கள் கூடும் முனையில் கானின் பெயரைத் தாங்கிய தெருப்பலகை இருக்கிறது. அதையும் கோபுரத்தையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவரப் பலகைக்குக் கீழே ஏறக்குறைய உட்கார வேண்டியிருந்தது. போகிறவர்கள் பழகியவர்களைப்போல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

103-ஆம் மாடியில் கட்டடத்துக்கு வெளியே நீட்டிய கண்ணாடிப் பெட்டிகள் இருக்கின்றன. காலுக்கடியில் தெரு தெரிகிறது. குழந்தைகள் குதிக்கிறார்கள், பெற்றோர் சுவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். கறுப்புத் துணியால் லென்ஸைச் சுற்றி மூடி, கண்ணாடியோடு ஒட்டிவைத்தால் பின்னாலிருக்கும் விளக்குகளின் பிரதிபலிப்பு விழாது. அப்படியே வரிசையாக எடுத்துப் பார்த்ததில் ஒன்று விளங்கியது. உச்சியிலிருந்து பார்த்தால் நகரம் தட்டையாகிவிடுகிறது. கீழே பயமுறுத்திய கோபுரங்கள் எல்லாம் குளிர்சாதன இயந்திரங்களை அடுக்கிய மொட்டைமாடிகளாகப் படுத்துக் கிடக்கின்றன. ஊரின் மிக உயரமான கட்டடம் அந்தப் படத்தில் இருக்கவும் வழியில்லை, அதன் மேல்தானே நிற்கிறோம். உயரத்தை ஏறிப் பிடிக்க முடியாது. தள்ளி நிற்க வேண்டும்.

தள்ளி நிற்பதற்கு இந்த ஊர் வைத்திருக்கும் முதல் இடம் ஆறு. சிகாகோ ஆறு அகலமானதில்லை. ஒரு காலத்தில் சாக்கடையாக இருந்து, ஏரியின் குடிநீரைக் கெடுத்ததால், 1900-இல் கால்வாய் வெட்டி அதன் ஓட்டத்தையே எதிர்த்திசைக்குத் திருப்பினார்கள். இன்று அதில் கட்டடக்கலைச் சுற்றுலாப் படகுகள் போகின்றன. படகு நகர நகர, தெருவில் நின்று எடுக்கவே முடியாத கட்டடங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் முழு உருவத்தைக் காட்டுகின்றன. ஆறு வளையும் இடத்தில் 333 வெஸ்ட் வாக்கர் என்ற 1983-ஆம் ஆண்டுக் கட்டடம், ஆற்றின் வளைவுக்கேற்பத் தானும் வளைந்த பச்சைக் கண்ணாடிச் சுவர். எதிர்க்கரைக் கட்டடங்கள் அதில் நெளிந்து விழுகின்றன. அந்தச் சுவரைப் படமெடுப்பவர் எடுப்பது அக்கம்பக்கத்தாரைத்தான்.

அடுத்து மரீனா சிட்டி. பெர்ட்ரண்ட் கோல்ட்பர்க் 1960-களில் கட்டிய இரட்டைக் கோபுரங்கள். இந்த ஊர்க்காரர்கள் மக்காச்சோளக் கதிர் என்கிறார்கள். கீழே 19 தளங்களுக்குச் சுழல்பாதையில் கார்கள், விளிம்பில் மூக்கை நீட்டியபடி. மேலே இதழ் இதழாக பால்கனிகள். ஒரு பால்கனியில் சைக்கிள், இன்னொன்றில் துளசி போன்ற ஏதோ தொட்டிச்செடி, மற்றொன்றில் பனியன் போட்ட ஒருவர் காப்பிக் கோப்பையோடு. அலுவலகக் கோபுரங்களை எடுத்து எடுத்துச் சலித்த கண்ணுக்கு அந்த பனியன் பெரிய ஆறுதல். அளவு தெரிய ஒரு மனிதர் வேண்டும் என்பது கட்டடப் படமெடுப்பில் பழைய விதி. அவர் அங்கே வாழ்பவராக இருந்தால் அளவோடு சேர்ந்து வேறொன்றும் படத்துக்குள் வந்துவிடுகிறது.

மிச்சிகன் அவென்யூ பாலத்தருகே இறங்கினேன். வடகரையில் சூயிங்கம் வியாபாரத்தில் செழித்த ரிக்லியின் வெள்ளைக் கட்டடம், 1920-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதன் பளபளப்பான சுடுமண் ஓடுகள் ஒரே வெள்ளை இல்லை. ஆறு சாயல்கள், மேலே போகப்போக வெளுக்கும்படி பதித்திருக்கிறார்கள். மேகம் மூடிய நாளிலும் உச்சி மட்டும் வெயில் பட்டதுபோல் இருப்பது அதனால்தான். படமெடுப்பவருக்கு இது ஒரு பொறி: வெளிச்சத்தை உச்சிக்கு அளந்தால் அடி இருளும், அடிக்கு அளந்தால் உச்சி வெளிறிப்போகும். எதிரே 1925-இல் முடிந்த டிரிப்யூன் கோபுரம். கோதிக் மாதா கோவிலைப் பத்திரிகை அலுவலகமாக நினைத்துப் பார்த்தவர்களின் வேலை. அதன் அடிச்சுவரில் தாஜ் மகால், சீனப் பெருஞ்சுவர் என்று உலகமெங்கும் இருந்து நிருபர்களும் மற்றவர்களும் கொண்டுவந்த கல்துண்டுகள் பதிந்திருக்கின்றன. அண்ணாந்து எடுக்க வந்தவர்கள் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வடக்கே நடந்தால் ஹான்காக். 1969, நூறு மாடி, இதுவும் கானும் கட்டடக்கலைஞர் புரூஸ் கிரஹாமும் சேர்ந்து செய்தது. வெளிச்சுவரில் பெரிய பெருக்கல் குறிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. காற்றின் தள்ளுதலைத் தரைக்கு இறக்கும் சாய்வு உத்தரங்களை மறைக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். ஷிஃப்ட் லென்ஸ்காரர்களுக்கு இந்தக் கட்டடம் வைக்கும் சோதனை விசேஷமானது. ஹான்காக் உண்மையிலேயே மேலே போகப்போகக் குறுகுகிறது. படத்தில் தெரியும் சாய்வில் லென்ஸ் செய்தது எவ்வளவு, பொறியாளர் செய்தது எவ்வளவு? முழுக்க நிமிர்த்தினால் கட்டடம் தன் அடையாளத்தை இழக்கும். நான் ஏரிக்கரை வரை போய், கேமராவைச் சாய்க்காமல் எடுத்தேன். அந்தத் தூரத்தில் மிச்சமிருக்கும் சாய்வு எல்லாம் கானுடையது.

அன்று மாலை தெருக்களில் முக்காலிகள் திடீரென்று முளைத்தன. சிகாகோவின் தெருக்கள் நேர் கிழக்கு மேற்காகவும் தெற்கு வடக்காகவும் வகுத்தவை. ஆண்டில் இரண்டு முறை, இரவும் பகலும் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாட்களை ஒட்டி, சூரியன் தெருவின் நடுக்கோட்டில் சரியாக இறங்குகிறது. இங்கிலாந்தின் கல்வட்டத்தை நினைத்து இதற்குச் ‘சிகாகோஹெஞ்ச்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேடிசன் தெருவில், சிக்னல் சிவப்பாகும் சில விநாடிகளில் அத்தனை பேரும் சாலை நடுவுக்கு ஓடி, பச்சை விழுந்ததும் திரும்ப ஓடி வந்தோம். டாக்ஸி ஓட்டுநர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். ஒருவர் மட்டும் வண்டியை ஓரம் கட்டித் தன் கைபேசியை எடுத்தார். இருபுறக் கண்ணாடிகளும் பொன்னாகி, கட்டடங்கள் வெறும் கரும்விளிம்புகளாகி, நடுவில் தெருவின் அகலமே அன்றைக்குக் கதாநாயகனாக இருந்தது.

மறுநாள் கிழக்கே, ஏரிப் பக்கம். மில்லினியம் பூங்காவில் மும்பையில் பிறந்த அனிஷ் கபூரின் ‘கிளவுட் கேட்’. மெருகேற்றிய 168 எஃகுத் தகடுகளால் ஆன அவரை விதை. அகன்ற லென்ஸால் செய்ய முடியாததை அது செய்கிறது. மிச்சிகன் அவென்யூவின் கோபுர வரிசை முழுவதும் அதன் வளைவுக்குள் அடங்கிவிடுகிறது. கட்டடத்துக்குக் கொடுத்த விலக்கைச் சட்டம் சிற்பத்துக்குக் கொடுக்கவில்லை. அதனால் பூங்கா திறந்த புதிதில், அனுமதிச் சீட்டு எங்கே என்று தொழில்முறைப் படக்காரர்களைக் காவலர்கள் தடுத்து, பெரிய சண்டையானது. பிறகு தளர்த்திக்கொண்டார்கள். துப்பாக்கி வைத்திருப்போருக்கான சங்கம் ஒன்று தன் பிரசார வீடியோவில் இச்சிற்பத்தைக் காட்டியபோது, 2018-இல் கபூர் வழக்குப் போட்டு அதை நீக்க வைத்தார். சிற்பத்துக்கு முன்னால் தன் பிம்பத்தைத் தானே எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தில் இதெல்லாம் யாருக்கும் பொருட்டில்லை, எனக்கும்தான்.

தெற்கே கலைக்கூடம். 1893 செப்டம்பரில் சர்வசமயப் பேரவை நடந்த கட்டடம் இது. விவேகானந்தர் பேசியது இங்கேதான். அவரை அனுப்பிவைக்கத் தெருத்தெருவாகப் பணம் திரட்டியவர்கள் சென்னை இளைஞர்கள் என்பதால், நம் ஊர்க்காரர்கள் வாசல் சிங்கங்களோடு ஒரு படமாவது எடுக்காமல் போவதில்லை. நானும் எடுத்தேன். கட்டடத்தின் பின்பக்கம் வந்தால், எந்தக் கட்டடத்தோடும் ஒட்டாமல் ஒரு கல் வளைவு தனியாக நிற்கிறது. லூயி சல்லிவனும் டாங்க்மார் ஆட்லரும் 1894-இல் கட்டிய பங்குச் சந்தைக் கட்டடத்தின் நுழைவாயில்.

இங்கே ரிச்சர்ட் நிக்கலைச் சொல்லியாக வேண்டும். மாணவராக இருந்தபோது சல்லிவனின் கட்டடங்களைப் படமெடுக்கும் வேலையை ஏற்றவர், வாழ்நாள் முழுக்க அதை விடவில்லை. 1950, 60-களில் ஊர் பழையதை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. முதலில் படம் எடுத்தார். அது போதாதென்று தட்டி பிடித்துத் தெருவில் நின்றார். அதுவும் பலிக்காமல் போனபோது, இடிபாட்டுக்குள் புகுந்து சிற்ப வேலைப்பாடுள்ள துண்டுகளைச் சுமந்து வந்தார். 1972 ஏப்ரலில் பாதி இடித்த பங்குச் சந்தைக் கட்டடத்துக்குள் போனவர் மேல் தளம் சரிந்தது. உடல் கிடைக்க நான்கு வாரம் ஆயிற்று. வயது 43. அந்தக் கட்டடத்தின் வர்த்தகக் கூடத்தைக் கலைக்கூடத்துக்குள் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். வளைவின் முன் நின்றபோது, உயரமானதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும் நம்மைப் போன்றவர்களுக்கும் நிக்கலுக்கும் உள்ள தூரம் விளங்கியது. அவர் படம் எடுத்தது நினைவுக்காக அல்ல, சாட்சிக்காக.

வளைவிலிருந்து பார்த்தால் பச்சை வெளி ஏரி வரை நீள்கிறது. கிராண்ட் பூங்கா. நான் தேடிய காலி இடம் இதுதான். 1836-ஆம் ஆண்டு வரைபடத்திலேயே, இந்த நிலம் கட்டடங்கள் ஏதுமின்றி என்றென்றும் பொதுவில் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். எழுதி வைத்ததைக் காப்பாற்ற ஒருவர் தேவைப்பட்டார். தபாலில் சரக்கு விற்றுப் பணக்காரரான மாண்ட்கமரி வார்டு 1890-இல் நகராட்சி மேல் வழக்குப் போட்டார். இருபது ஆண்டுகள் அடுத்தடுத்து வழக்காடினார். அருங்காட்சியகம் வேண்டும், நூலகம் வேண்டும் என்று கேட்ட பெரிய மனிதர்களுக்கெல்லாம் ஆகாதவரானார், ஆனால் ஜெயித்தார். அந்தத் தீர்ப்புக்கு இன்றும் பல் இருக்கிறது: மில்லினியம் பூங்காவில் ஃபிராங்க் கெரி எழுப்பிய உயரமான இசை அரங்கை, கட்டடம் என்று சொல்லாமல் கலைப்படைப்பு என்று கணக்கில் காட்டித்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். இந்த நிலத்தின் பிறப்பு இன்னும் விசித்திரம். 1871 தீயில் எரிந்த வீடுகளின் இடிபாடுகளை ஏரிக்குள் தள்ளித் தூர்த்ததில் கிடைத்த மண்ணும் இதில் சேர்ந்திருக்கிறது. புதிய நகரத்தைப் படமெடுக்கப் பழைய நகரத்தின் மேல் நிற்கிறோம்.

பொழுது சாய, ஏரிக்குள் நீண்டிருக்கும் ஆட்லர் கோளரங்க முனைக்குப் போனேன். சிகாகோ என்று தேடினால் கிடைக்கும் படங்களில் பெரும்பாதி இங்கிருந்து எடுத்தவை. வானம் கருநீலமாகி, விளக்குகள் எரிந்து, இரண்டின் வெளிச்சமும் சமமாக இருக்கும் அந்தக் கால் மணி நேரத்துக்காகக் கரையோரப் படிகளில் முக்காலிகள் வரிசை கட்டியிருந்தன. இங்கே எந்தச் சுவரும் சாயவில்லை. சியர்ஸ் இடப்பக்கம், ஹான்காக் வலப்பக்கம், நடுவில் நூற்று முப்பது ஆண்டுக் கட்டடக்கலை முழுவதும் நேராக நின்றது.

பக்கத்தில் நின்ற உள்ளூர்க்காரர், “பதினோரு மணிக்கு மேலே காத்திருக்காதீங்க, விளக்கை அணைச்சிடுவாங்க” என்றார். வலசைப் பறவைகளுக்காக. இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும் இரவில் பறக்கும் சின்னக் குருவிகள் வெளிச்சத்தில் தடுமாறிக் கண்ணாடியில் மோதிச் சாகின்றன. 2023 அக்டோபரில் ஏரிக்கரை மாநாட்டு அரங்கின் ஒரே கட்டடத்தில் ஒரே இரவில் ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் இறந்தன. அடுத்த ஆண்டு அதன் கண்ணாடிகளில் பறவைக்குத் தெரியும்படி புள்ளிகள் போட்டார்கள். உயரமான கட்டடங்கள் பலவும் இந்தப் பருவத்தில் அலங்கார விளக்கை அணைத்துவிடுகின்றன. எங்கள் படத்துக்கு நஷ்டம்தான். ஆனால் நிலத்தில் காலி இடம் விட்ட ஊர், இரவிலும் கொஞ்சம் காலி இடம் விடப் பழகுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

படகில் வழிகாட்டி ஒவ்வொரு கோபுரத்துக்கும் அதைக் கட்டியவர் பெயரைச் சொன்னார்: சல்லிவன், கோல்ட்பர்க், கான். எல்லாம் சொல்ல வேண்டிய பெயர்கள். அன்றிரவு எடுத்த படத்துக்குக் கீழே பெயர் எழுதச் சொன்னால் முதலில் மாண்ட்கமரி வார்டு என்றுதான் எழுதுவேன். அவர்களுடைய உயரம் நம் கண்ணுக்கு எட்டுவது, கட்டாமல் விட வேண்டும் என்று ஒரு வியாபாரி இருபது ஆண்டு பிடிவாதமாக இருந்ததால்தான்.